விதைக்கு ஓர் உபயதாரர்: நெடுநாள் கொடையாளர்களைத் தேடுவதும் தக்கவைப்பதும்

நமது கூட்டங்களில் விதை பற்றிப் பேசுகிறோம், மண்புழு பற்றிப் பேசுகிறோம், சந்தை பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். இயக்கத்தை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற பேச்சு வந்தால் மட்டும் எல்லோரும் தரையைப் பார்க்கிறோம். கேட்பது கேவலம் என்று ஒரு நினைப்பு. கடைசியில் நாலைந்து பேர் தங்கள் கைக்காசைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வருடம் விளைச்சல் பொய்த்தால் இயக்கமும் படுத்துவிடுகிறது.

வங்கியில் வேலை பார்த்துவிட்டு இப்போது வாலாஜாபாத் பக்கம் பாலாற்றுப் படுகையில் நெல் வைக்கிறேன். பணம் எப்படி வருகிறது, எப்படி நிற்கிறது, எப்படி நழுவுகிறது என்பதை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கட்டடம் கட்ட ஒரு தடவை வசூல் செய்வது எப்படி என்பதல்ல நான் சொல்ல வருவது. வருடா வருடம் நம்மோடு நிற்கிற கொடையாளர்களைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்தவர்களை இழக்காமல் இருப்பதும்தான் விஷயம்.

விதைக்கு லீவு கிடையாது

பாரம்பரிய நெல் ரகங்களைப் பாதுகாக்கிற ஒரு விதை வங்கியை எடுத்துக்கொள்வோம். நூலகத்தில் புத்தகத்தை அடுக்கிப் பூட்டுவதுபோல விதையைப் பூட்டிவைக்க முடியாது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சாதாரணமாகச் சேமித்த நெல்லின் முளைப்புத்திறன் வேகமாக இறங்கும். ஆகவே வருடா வருடம் விதைத்து, கலப்பை நீக்கி, தனித்தனியாக அறுத்து, காயவைத்து மறுபடி சேமிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு வருடம் பணம் இல்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடலாம். அடுத்த வருடமும் இல்லை என்றால் மூன்றாம் வருடம் விதைக்க முளைக்கும் விதை இருக்காது. வேறு எந்த விவசாயியிடமும் அந்த ரகம் இல்லையென்றால், அது போனது போனதுதான்.

திட்ட நிதியின் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. நான் அறிந்த ஒரு குழு, மூன்று வருடத் திட்டப் பணத்தில் ஏராளமான ரகங்களைச் சேகரித்தது. மூன்று வருடம் முடிந்தது, பணம் நின்றது, பொறுப்பாளர் வேறு வேலைக்குப் போனார். பெயர் எழுதிய டப்பாக்கள் மட்டும் வரிசையாக இருந்தன. கொடுத்தவர்கள் ஏமாற்றவில்லை, சொன்ன மூன்று வருடம் கொடுத்தார்கள். விதையின் கணக்கு வேறு, திட்டத்தின் கணக்கு வேறு. வருடந்தோறும் செலவாகும் வேலைக்கு வருடந்தோறும் வருகிற பணம் தேவை.

நம் மாவட்டத்துக் கல்வெட்டு சொல்லும் பாடம்

நெடுநாள் கொடை என்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் தொண்டை மண்டலத்துக் கோயில் சுவர்கள் முழுக்க அதுதான் எழுதியிருக்கிறது. ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிய வேண்டும். அதற்கு ஒருவர் 96 ஆடுகளைக் கொடுப்பார் (சில இடங்களில் 90). ஆடுகளை ஓர் இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. எதுவரைக்கும்? சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும்.

இதில் நமக்கு வேண்டிய நான்கு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. செலவு திட்டமாகத் தெரியும்: ஒரு விளக்கு, நாளைக்கு ஓர் உழக்கு. பொறுப்பாளர் யார் என்று தெரியும். முதல் அழியாமல் வருமானம் மட்டும் செலவாகும். எழுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி கல்லில் இருக்கும்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய உத்திரமேரூரில் ஏரிக்கும் இப்படியே செய்தார்கள். வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியைத் தூர் வாருவதற்காக ஊர்ச் சபையிடம் பொன் முதலாக வைக்கப்பட்டது. அதன் வட்டியிலிருந்து பராமரிப்பு. ஏரியை ஒரு தடவை வெட்டிவிட்டால் போதாது, வருடந்தோறும் வண்டல் சேரும், வருடந்தோறும் வாரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தல் விதிகள் உள்ளன. ஓட்டு முறையைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். எனக்குப் பிடித்தது வேறொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாடியே தணிக்கை இவ்வளவு கறாராக இருந்திருக்கிறது.

உலக அளவிலும் இதே யோசனைதான். நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த உலக விதைப் பெட்டகத்தின் நடத்துநர்களில் ஒன்றான கிராப் டிரஸ்ட் அமைப்பு 2004-ல் தொடங்கப்பட்டது. அது நாடுகளிடமும் கொடையாளர்களிடமும் பெற்ற பணத்தை முதலாக வைத்து, அதன் வருமானத்தில் விதை வங்கிகளுக்கு உதவுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதை வங்கிக்கு 2018-ல் இப்படி நிரந்தர நிதி ஏற்பாடு செய்யப்பட்டது. பார்த்தால் சாவா மூவாப் பேராடுதான்.

பெரிய கை ஒன்றா, சிறிய கைகள் பலவா?

முதல் வைப்பது நல்லதுதான். ஆனால் ஆடு குட்டி போடும், பணம் போடுகிற குட்டியை விலைவாசி தின்றுவிடும். 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் 1 லட்சத்துக்கு வருடத்துக்கு 7,000 ரூபாய்தான். ஆகவே சின்ன இயக்கத்துக்கு முதல் வழி, பலர் சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுப்பது.

இதுவும் நம் ஊர் வழக்கம்தான். காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டம் என்று ஒன்றைச் சொன்னார். வீட்டில் தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியும் ஒரு காசும் தனியாக எடுத்துவைப்பது. வினோபா பாவே சொன்ன சர்வோதயப் பாத்திரத்திலும் வீட்டின் சின்னப் பிள்ளை கையால் தினம் ஒரு பிடி தானியம் போட வேண்டும். கொடுப்பவருக்குச் சுமை தெரியாது. ஆனால் தினமும் நினைப்பு இருக்கும். இந்த நினைப்புதான் முக்கியம்.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் ஊர்மக்கள் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஊர்க்காரர்கள் மூட்டையாகவும், முறத்தளவாகவும், காய்கறியாகவும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு ஜமீன்தாரை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஜமீனோடு அடுப்பும் அணைந்திருக்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை. அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அதற்குள் 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீட்கப்பட்டு ஆயிரக்கணக்கான விவசாயிகளின் கைக்குப் போயிருந்தன. வாங்கினவரே அடுத்த வருடம் கொடுப்பவராகிறார் என்பதுதான் அதன் சூட்சுமம். விவசாயிகளிடம் கொடை கேட்கும்போது பணத்தைவிட இந்த முறை நன்றாக ஓடும்.

முதலில் செலவை எழுதுங்கள்

கொடையாளரைத் தேடுமுன் கணக்கை எழுத வேண்டும். “உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்” என்றால் கையில் இருக்கிற சில்லறையைத்தான் கொடுப்பார்கள். ஓர் உதாரணக் கணக்கு தருகிறேன். 40 நெல் ரகம், ரகத்துக்கு 2 சென்ட், ஆக 80 சென்ட். உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

- உழவு, அண்டை வெட்டுதல், நாற்றங்கால்: 12,000
- ரகம் ரகமாக நடவு, களை, கலப்பு நீக்கல், அறுவடை: 48,000
- பஞ்சகவ்யா, அமுதக்கரைசல், எரு: 6,000
- காயவைத்தல், பை, டப்பா, பெயர் அட்டை: 8,000
- பொறுப்பாளர் ஊதியம் மாதம் 3,000 வீதம்: 36,000
- ரசீது, தபால், கணக்கு தணிக்கை: 10,000

மொத்தம் 1,20,000 ரூபாய். 40 ரகத்தால் வகுத்தால் ரகத்துக்கு வருடம் 3,000. மாதத்துக்கு 250. இப்போது நாம் கேட்க வேண்டியது 1,20,000 ரூபாய் இல்லை. 40 பேரிடம் மாதம் 250 ரூபாய். குடும்பத்தோடு ஒரு தடவை ஓட்டலுக்குப் போகிற செலவைவிடக் குறைவு.

பொறுப்பாளர் ஊதியத்தையும் தணிக்கைச் செலவையும் மறைக்காதீர்கள். “எல்லாம் சேவை, சம்பளமே கிடையாது” என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சம்பளமில்லாத பொறுப்பாளர் தன் வயல் வேலை வந்ததும் விதை வயலை விட்டுவிடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. விளக்குக்கு நெய் அளந்த இடையருக்கும் பால் மோர் வருமானம் இருந்தது, பாருங்கள்.

உபயதாரர் முறை

காஞ்சிபுரம் கோயில் ஊர். இங்கே உற்சவம் எப்படி நடக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டாம். இன்ன நாள் வாகனத்துக்கு இன்ன குடும்பம் உபயம், இன்ன இடத்தில் இன்னார் மண்டகப்படி. தாத்தா செய்தார், அப்பா செய்தார், பிள்ளை செய்கிறார். பிள்ளை அமெரிக்காவில் இருந்தாலும் அந்த வாரம் பணம் வந்துவிடும். “இந்த வருடம் உங்கள் முறை வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். கொடுப்பது கடமை என்ற நிலை தாண்டி, கொடுப்பது என் உரிமை என்ற நிலை அது.

அதை நம் விதைக்கும் செய்யலாம். ஒரு ரகத்துக்கு ஒரு குடும்பம் உபயதாரர். வயலில் நாற்றின் அருகே ரகத்தின் பெயரோடு அவர்கள் பெயரும் சின்னப் பலகையில் இருக்கும். இரண்டு எச்சரிக்கை மட்டும்.

ஒன்று, ரகத்தை அவர்களே தேர்ந்தெடுக்க விடாதீர்கள். விட்டால் கருப்புக் கவுனிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் பத்துப் பேர் நிற்பார்கள். நம் மண்ணுக்கே உரிய செங்கல்பட்டுச் சிறுமணிக்கு ஆள் இருக்காது. பணத்தை எல்லா ரகத்துக்கும் பொதுவாக வாங்குங்கள், ரசீதிலும் அப்படியே எழுதுங்கள். எந்த ரகம் யார் பெயரில் என்பதைக் குடவோலைபோலச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். ஒரு குழந்தையை விட்டுச் சீட்டு எடுத்தால் அதுவே ஒரு விழா.

இரண்டு, கோயிலில் முதல் மரியாதைத் தகராறு எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். நம்மிடம் முதல் மரியாதை, பரிவட்டம் எதுவும் வேண்டாம். 250 கொடுத்தவர் பெயரும் 25,000 கொடுத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில்.

யாரிடம் கேட்பது?

தெரியாதவரிடமிருந்து தொடங்காதீர்கள். உள் வட்டத்திலிருந்து வெளி வட்டத்துக்குப் போக வேண்டும்.

முதல் வட்டம் நாமே. நிர்வாகக் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் முதலில் மாதக் கொடையாளராகச் சேரவேண்டும், 50 ரூபாய் என்றாலும் சரி. தான் கொடுக்காத ஒன்றை அடுத்தவரிடம் கேட்கும்போது குரலில் தெரிந்துவிடும்.

இரண்டாம் வட்டம் நம் அரிசியையும் காய்கறியையும் வாங்குகிறவர்கள். இவர்களைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நம் விளைச்சலைச் சாப்பிட்டு, உடம்பில் வித்தியாசம் உணர்ந்தவர்கள். இந்த ரகம் அழியாமல் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை.

மூன்றாம் வட்டம் ஊரை விட்டுப் போனவர்கள். பிறந்த ஊர் ஏரியையும் களத்தையும் நினைத்துக்கொண்டு சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள். ஓய்வூதியர்கள் இதில் முக்கியமானவர்கள். மாதம் பிறந்தால் பணம் வருகிற ஆட்கள், சொன்னால் சொன்னபடி அனுப்புவார்கள்.

நான்காம் வட்டம் நம் ஊரிலேயே விவசாயம் செய்யாதவர்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றி நெசவாளர் குடும்பங்கள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிறந்த நாள், மணநாள், பெற்றோர் நினைவு நாள் என்று அன்னதானத்துக்குக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள். “சோறு போடுவதற்குக் கொடுக்கிறீர்கள், அந்தச் சோற்றுக்கான விதைக்கும் ஒரு நாள் கொடுங்கள்” என்று கேட்டால் புரிந்துகொள்கிறார்கள்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் வழியாகப் போகிறவர்கள், “இத்தனை கம்பெனி இருக்கிறதே, ஒருத்தர் கொடுத்தால் போதாதா?” என்று கேட்பார்கள். 2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை ஒரு தடவைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: உலர்களம், விதைக் கிடங்கு, சோலார் உலர்த்தி. வருடாந்தரச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம். அதிகாரி மாறினால் முன்னுரிமை மாறும்.

எந்த ஒரு கொடையாளரின் பங்கும் மொத்தச் செலவில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. அதேபோல, பூச்சிமருந்து விற்கிறவரின் பணத்தை வாங்கலாமா என்பதை, அது வருவதற்கு முன்பே குழு கூடி முடிவு செய்து எழுதிவையுங்கள். காசோலை மேஜைமேல் இருக்கும்போது கொள்கை பேசுவது சிரமம்.

கேட்கிற விதம்

நேரில் போய்க் கேளுங்கள். முடிந்தால் வயலுக்கே கூப்பிடுங்கள். கதிர் பிடித்த நேரத்தில் 40 ரகமும் 40 நிறத்தில் நிற்பதைப் பார்த்தவருக்கு அச்சடித்த துண்டறிக்கை தேவைப்படாது. தொகையைச் சொல்லிக் கேளுங்கள், காலத்தையும் சொல்லுங்கள்: “மாதம் 250, மூன்று வருடத்துக்கு.” அதன்பின் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நம் ஆட்கள் பலரும் கேட்ட அடுத்த நொடியே “கஷ்டமா இருந்தா வேணாங்க” என்று தாங்களே வாபஸ் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் யோசிக்க விடுங்கள். முடியாது என்றாலும் முகம் சுளிக்காமல் விடைபெறுங்கள். இந்த வருடம் முடியாதவர் பெண்ணின் கல்யாணம் முடிந்த பிறகு தானே கூப்பிடுவார்.

பணம் வரும் வழி

இது என் பழைய தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன்.

மாதாமாதம் ஞாபகப்படுத்தி வாங்கும் பணம் ஆறு மாதத்தில் நின்றுவிடும். கொடுக்கிறவருக்கும் வெட்கம், கேட்கிறவருக்கும் வெட்கம். ஆகவே தானாக வரும்படி செய்யுங்கள். போன் வழியாகப் பணம் அனுப்புகிறவர்களுக்கு யூபிஐ ஆட்டோபே. ஒரு தடவை ஒப்புதல் கொடுத்தால் போதும், 250 ரூபாய்க்கு மாதாமாதம் ரகசிய எண் போட வேண்டியதில்லை. வங்கிக்குப் போகும் பழக்கமுள்ள பெரியவர்களுக்கு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். ஒரு படிவம், ஒரு கையெழுத்து.

பணம் எடுக்கும் தேதியை 5-க்கும் 10-க்கும் நடுவில் வையுங்கள். சம்பளமும் ஓய்வூதியமும் வந்திருக்கும். மாதக் கடைசியில் வைத்தால் இருப்பு இல்லாமல் திரும்பும். சில வகைகளில் அதற்கு வங்கி கொடையாளரிடம் அபராதம் பிடிக்கும். 250 கொடுக்க வந்தவருக்கு அதைவிட அதிக அபராதம் விழுந்தால் மறுபடி நம் பக்கம் திரும்புவாரா?

இன்னொன்று. பணம் நின்றுபோனவர்கள் எல்லோரும் மனம் மாறியவர்கள் இல்லை. ஒப்புதலின் காலம் முடிந்திருக்கும், வங்கிக் கணக்கை மாற்றியிருப்பார், போன் எண் மாறியிருக்கும். அவருக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொரு ஒப்புதலும் எந்த மாதம் முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, இரண்டு மாதம் முன்பே பேசுங்கள். வங்கியில் டெபாசிட் முதிர்வுத் தேதிக்கு முன்பே வாடிக்கையாளரைக் கூப்பிடுவோம். தேதி கடந்தபின் கூப்பிட்டால் பணம் அடுத்த வங்கியில் இருக்கும்.

தக்கவைப்பதின் கணக்கு

40 கொடையாளரில் வருடந்தோறும் நாலில் ஒருவர் விலகினால், முதல் வருட முடிவில் 30, இரண்டாம் வருடம் 22 அல்லது 23, மூன்றாம் வருடம் 17. பாதிக்கும் கீழே போய்விட்டது. பத்தில் ஒருவர் மட்டும் விலகினால் 36, 32, 29. முதல் வகையில் ஒரு கொடையாளர் சராசரியாக நாலு வருடம் இருக்கிறார், 12,000 தருகிறார். இரண்டாம் வகையில் பத்து வருடம் இருக்கிறார், 30,000 தருகிறார். புதிதாக ஒருவரைப் பிடிக்க அலைகிற அலைச்சலில் பாதியை, இருப்பவரைக் கவனிப்பதில் போட்டால் போதும்.

கவனிப்பது என்றால் பொன்னாடை போர்த்துவது இல்லை. எங்கள் பக்கத்து நெசவாளர் அண்ணன் ஒருவர் சொன்னார்: “பணம் எங்க போச்சுன்னு நான் கேக்கல சார். என் பேருல இருக்கிற நெல்லு முளைச்சுதான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.” பெரும்பாலானவர்கள் எதிர்பார்ப்பது இந்த ஒரு வார்த்தைதான். அதற்கு நம் சம்பாப் பட்டமே நாள்காட்டி.

- ஆடி, ஆவணி: விதைப்பு முடிந்ததும் ஒரு போட்டோ. “உங்கள் ரகம் இந்தத் தேதியில் நாற்றங்காலில் இறங்கியது.”
- கார்த்திகை: பயிரின் நிலை. மழை, பூச்சி, எது நடந்ததோ அது.
- தை: அறுவடைக்கு அழைப்பு. வந்தவர் கையில் அரிவாளைக் கொடுங்கள். வராதவருக்கு அவர் ரகத்தில் ஒரு கைப்பிடி நெல் தபாலில்.
- சித்திரை: ஒரு பக்கக் கணக்கு. வரவு, செலவு, கையிருப்பு, எத்தனை விவசாயிகளுக்கு விதை போனது.

இந்த நாலு தடவையும் பணம் கேட்கக் கூடாது. கேட்பதற்குத் தனியாக ஒரு நாள் இருக்கட்டும்.

கெட்ட சேதியையும் மறைக்காதீர்கள். 2015 நவம்பர், டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பகுதிப் பயிர் எப்படிக் கிடந்தது என்று நமக்குத் தெரியும். அப்படி ஒரு ரகம் அழுகிப்போனால் அன்றைக்கே சொல்லுங்கள். இன்னொரு ஊரில் இன்னொரு விவசாயியிடம் கொடுத்து வைத்த மாற்று விதையிலிருந்து மீட்கப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். (அப்படி ஒவ்வொரு ரகத்தையும் இரண்டு ஊரில் வைத்திருக்க வேண்டும் என்பது தனிப் பாடம்.) நஷ்டத்தை முதலில் நம் வாயால் கேட்டவர் நம்மோடு நிற்பார். நாலு மாதம் கழித்து வேறொருவர் சொல்லிக் கேட்டவர் நிற்கமாட்டார்.

விலகுகிறவரைக் கௌரவமாக அனுப்புங்கள். நன்றிக் கடிதம், அதுவரை கொடுத்த தொகையின் கணக்கு, எந்தக் கேள்வியும் இல்லை. நம் நாள்காட்டிச் சேதியை மட்டும் அவருக்கும் தொடர்ந்து அனுப்புங்கள்.

சட்டமும் வரியும்

கொடை வாங்க அமைப்புக்கு ஓர் உருவம் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கம், அல்லது கம்பெனிகள் சட்டம் 8-வது பிரிவு நிறுவனம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது உறுப்பினர் லாபத்துக்கான வியாபார அமைப்பு. அதன் கணக்கில் கொடையைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

வருமான வரிச் சட்டம் 1961-ன் கீழ் 12ஏபி பதிவு நம் அமைப்புக்கு வரிவிலக்கு தருவது. 80ஜி அனுமதி கொடையாளருக்குச் சலுகை தருவது. பொதுவாகக் கொடையில் 50 சதவீதம், ஒரு வரம்புக்குள், கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. நெல்லாக, பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை. இப்போது நிறையப் பேர் புதிய முறைக்குப் போய்விட்டதால், வரிச் சலுகையைக் காட்டி மட்டும் கொடை கேட்க முடியாது. கேட்கவும் வேண்டாம். 80ஜி பெற்ற அமைப்பு ஒவ்வொரு வருடமும் மே 31-க்குள் கொடையாளர் பட்டியலைத் துறைக்குத் தாக்கல் செய்து, அவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். 2026 ஏப்ரல் முதல் 2025-ம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்களையும் படிவங்களையும் உங்கள் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. வேற்று நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், அவர் நம் சித்தப்பா பிள்ளையாகவே இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். அவரிடம் வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன் அனுமதி வேண்டும், பணமும் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அனுமதி இல்லாத அமைப்பு அந்தப் பணத்தைத் தொடவே கூடாது.

உள்ளூர்க் கணக்கில் மூன்று விதி: அமைப்பின் பெயரில் தனிக் கணக்கு, இருவர் கையெழுத்து, எந்தத் தொகைக்கும் ரசீது. 50 ரூபாய்க்கு ரசீது கொடுக்கிறவரிடம் 5,000 கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள்.

கையிருப்பும் வேண்டும்

வரவு சீரானதும், ஒரு முழு வருடச் செலவைத் தனியாக வைப்பில் போடுங்கள். நம் உதாரணத்தில் 1,20,000. மழை கெடுத்த வருடத்தில் மறுநடவுக்கும், கொடை குறைந்த வருடத்தில் கூலிக்கும் அது தாங்கும். அதை எப்போது தொடலாம், எத்தனை மாதத்தில் திரும்ப நிரப்ப வேண்டும் என்று தீர்மானம் எழுதிவையுங்கள். யாராவது நிலையான முதலாக வைக்கச் சொல்லிப் பெரிய தொகை கொடுத்தால், ‘இது மூலநிதிக்கு’ என்று அவர் கைப்பட எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தைச் சட்டம் அனுமதித்த வழிகளில்தான் முதலீடு செய்ய முடியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டத்தில் இருக்கிறவர்கள் அங்கேயே மாதக் கொடைக்கு ஒப்புதல் கொடுங்கள். ஆளுக்கு மூன்று பெயர் எழுதி, யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பதினாலு பேர் இருக்கிற குழுவுக்கு அதிலேயே 42 பெயர் வந்துவிடும். எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள்தான். பதினைந்து பேர் சம்மதித்தால் பதினைந்து ரகத்துக்கு வரும் சம்பாவில் கவலை இல்லை. மீதி இருபத்தைந்துக்கு ஆள் தேட ஆடி வரைக்கும் நேரம் இருக்கிறது.